அம்மா தீட்டாமல் விட்ட கத்தி

என் வயதுக்காரர்களே, வயதுக்காரிகளே, நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது? இந்த வயதில் இருக்க வேண்டிய இடத்தில் முடி உதிர்கிறது, இருக்கக் கூடாத இடத்தில் முளைக்கிறது. எனக்கு மோவாயில் முளைத்திருக்கிறது. கறுப்பாக முளைத்தாலாவது இளமை திரும்புகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். நரைத்தே முளைக்கிறது.

போன மாதம் என் மருமகன் இணையத்தில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினார். பழைய காலத்துச் சவரக் கத்தி. கூடவே அதைத் தீட்ட ஒரு தோல்வார், பச்சை நிறத்தில் சோப்புக்கட்டி மாதிரி ஒரு பசை. கைப்பேசியில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்டுவதைப் பார்த்தபடி, கத்தியின் வாயை முன்னால் விட்டு ஒரே இழுப்பு. புதுத் தோல்வார் பலாச்சுளை மாதிரி வாயைப் பிளந்தது. மாமியார் சிரிக்கலாமா? சிரித்தேன். “முதுகு முன்னால போகணும், வாய் பின்னால வரணும். நகருங்க, நான் காட்டுறேன்” என்று பெரிய இவள் மாதிரி வாங்கினேன். முதல் திருப்பத்திலேயே என் கட்டைவிரலைக் கீறிக்கொண்டேன். மருமகன் சிரிக்கவில்லை. வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

விரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது அந்த டுரியான் பழக் காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

மலேசியாவில், கோலசிலாங்கூருக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம். லயத்து வீடு, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்டது. அம்மா பால்மரம் வெட்டுகிறவள். அப்பாவுக்குத் தோட்ட ஆபீசில் வேலை. பெயர் ஆபீஸ் பாய். நாற்பதைத் தாண்டி, தொப்பை விழுந்து, மூத்த மகள் கல்யாண வயதுக்கு வந்த பிறகும் அவர் பாய்தான். துரையின் மேசைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறவர் என்பதால் முகத்தில் ஒரு முள் இருக்கக் கூடாது. அது துரையின் உத்தரவு. எனவே அப்பாவின் முகம் எங்கள் வீட்டில் தினசரி வேலை. கூட்டுவது, துடைப்பது, தண்ணீர் பிடிப்பது, அப்பா முகம்.

கத்தி அப்பாவுடையது. அதன் கூர் அம்மாவுடையது. இந்த வித்தியாசம் முக்கியம். மற்ற வீடுகளில் ஆண்களே தீட்டிக்கொள்வார்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை மரத்தடி நாவிதர் நாற்காலிக்குப் போவார்கள். அப்பா ஒருமுறை தானே தீட்டிவிட்டு சவரம் செய்தாராம். அன்று அவர் முகத்தைப் பார்த்த அம்மா, “மரத்த இப்படி வெட்டியிருந்தா மண்டோரு என்ன வீட்டுக்கு அனுப்பிருப்பாரு” என்று சொல்லிக் கத்தியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாளாம். பால்மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும். பட்டையை வெற்றிலைக் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் கட்டையில் காயம் பட்டுவிடும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அந்தக் காயத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு ஊரைக் கூட்டித் திட்டுவார். அம்மாவின் மரங்களில் வட்டம் விழுந்து நான் கேட்டதில்லை.

தோல்வார் எங்கிருந்து வந்தது என்றால், ரப்பர் ஃபேக்டரியில் கழித்துப் போட்ட மெஷின் பெல்ட்டு. அடுப்படித் தூணில் ஆணி அடித்து மாட்டியிருந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்புப் பக்கத்துக்கு ஒரு பசை உண்டு. தஞ்சோங் காராங் அரிசி மில்லில் எரித்துக் கொட்டும் உமிச்சாம்பலை அம்மா ஒரு பையில் வாங்கி வருவாள். அதைப் பழைய வேட்டியில் சலித்து, சலித்ததை மறுபடி சலித்து, விரலில் தேய்த்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற வரைக்கும் சலித்து, தேங்காய் எண்ணெயும் ஒரு துண்டு மெழுகுவர்த்தியும் சேர்த்துக் காய்ச்சி ஒரு தகர டப்பாவில் ஊற்றி வைப்பாள். ஆறினால் மழைமேக நிறம். மோந்தால் கோயிலும் அடுப்பும் கலந்த வாசனை. நான் அதில் ஒருமுறை பல் விளக்கியிருக்கிறேன். என் பல்வரிசையைப் பற்றி யாராவது குறை சொல்வதற்கு முன்னால் இதை நானே சொல்லிவிடுகிறேன்.

பசைப்பக்கம் எப்போதாவதுதான். கத்தி களைத்துப்போனால். வழவழப்புப் பக்கம் தினமும். அம்மா முதலில் உள்ளங்கையால் தோலைத் தேய்த்துச் சூடாக்குவாள். பிறகு கத்தியைப் படுக்க வைத்து, முதுகு முன்னால் போக, அழுத்தாமல், தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி ஒரு இழுப்பு. கோடியில் போய் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டுவாள். அப்போது சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி வரும். சர்க்... சர்க்... அம்மா வேலையிலிருந்து வந்து குளித்து, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தீட்டுகிற அந்தச் சாயங்கால வேளை இப்போது எனக்கு நினைவா கனவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே வெயில் காசுகாசாக விழும். அடுப்புப் புகை அந்தக் காசுகளின் மேல் ஏறி இறங்கும். அம்மா எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத ரப்பர் பால் வாடை. எங்கோ டுரியான் விழுகிற சத்தம். நான் தரையில் படுத்து, கத்தி மேலே போய்க் கீழே வருவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன். அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் நான். இன்றைக்கு மாத்திரை இல்லாமல் தூக்கம் வராததற்கு டாக்டர் வேறு காரணம் சொல்கிறார்.

அந்த வருஷம் அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து வலது கை மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். செம்மண் ரோட்டில் ஒரு உடும்பு குறுக்கே போனதாம். கடைக்குப் போனபோது அது மலைப்பாம்பாக இருந்தது. கோயிலுக்குப் போனபோது புலியின் கால்தடம் என்று கேள்விப்பட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டுவிட்டார். ஆகவே தீட்டுவதோடு சவரம் செய்வதும் அம்மாவிடம் வந்து சேர்ந்தது. அப்பா மரப்பெட்டி மேல் உட்காருவார். அம்மா பின்னால் நின்று அவர் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொள்வாள். அப்பா கண்ணை மூடிவிடுவார். வெட்டுகிற சத்தமே கேட்காது. நுரை மட்டும் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி வழி விடும்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

மாவுக்கட்டோடு அப்பா ஜெராமில் இருந்த அத்தை வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தம்பியின் கையைப் பார்த்து ஒப்பாரி வைத்தாள். ஒப்பாரி முடிந்ததும் நண்டுக்கறி வைத்தாள். இடது கையால் சாப்பிட முடியாத தம்பிக்கு நண்டை உடைத்து, சதையை எடுத்து, ஊட்டியேவிட்டாளாம். ஊட்டிக்கொண்டே, “ஒம் மூத்தவள எம் மகனுக்குக் குடுத்துரு தம்பி. வெளிய எதுக்குப் போகணும்?” என்றாளாம். வாய் நிறைய நண்டு. அப்பா தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, காரத்துக்கு ஆட்டினாரா என்று அவருக்கே பிறகு சந்தேகம் இருந்தது. ஆனால் அத்தை அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டு வெற்றிலை பாக்கும் மடித்துக் கொடுத்துவிட்டாள்.

என் அக்காவுக்கோ அப்போதுதான் பினாங்கு ஆஸ்பத்திரியில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆடி நடுவில் போய்ச் சேர வேண்டும். எங்கள் லயத்தில் பெண்பிள்ளை யாரும் அப்படிப் போனதில்லை. அக்கா அந்தச் சந்தோஷத்தில் எனக்கே ஊசி போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள், விளக்குமாற்றுக் குச்சியால். அத்தையோ சொல்லி அனுப்பிவிட்டாள்: “எம் மருமக ஊருக்கெல்லாம் ஊசி போட வேணாம்லா. வீட்டுல மீன் ஆய்ஞ்சா போதும். ஆனி முடியறதுக்குள்ள நிச்சயம் பண்ணிருவோம்.”

சேதி வந்த அன்று அம்மா வாசலில் நின்றபடி அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“ஒரு தட்டு நண்டுக்கு எம் மகளக் குடுத்துட்டு வந்துட்டீங்களா?”

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பாவும் ஆம்பளை அல்லவா, அவரும் நிறுத்திவிட்டார். கொடுத்த வாக்கைத் தன் அக்காவிடமிருந்து திருப்பி வாங்குவது அவருக்குச் செத்துப்போவதைவிடக் கஷ்டம். வாங்காமலிருந்தால் வீட்டில் இந்த ஊமைப்படம். பாவம், உடைந்த கையும் ஊட்டிய நண்டும் சேர்ந்து ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தின பாருங்கள்.

இரண்டு பேருக்கும் நடுவே தபால் ஓட்டுவது என் வேலையாயிற்று. இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

“ஒங்கப்பாட்ட சொல்லு, கொழம்பு அடுப்புல இருக்கு.”

“ஒங்கம்மாட்ட சொல்லு, எனக்கும் கண்ணு இருக்கு.”

நான் என் சொந்தச் சரக்கையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தேன். “அம்மா, நீங்க இன்னிக்கு அழகா இருக்கீங்கன்னு அப்பா சொல்லச் சொன்னாரு.” அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “ஒங்கப்பாவுக்கு அந்த வார்த்த தெரியாது. நீ எங்க கத்துக்கிட்ட?” என்று கேட்டாள். அதோடு அந்தத் தொழிலை விட்டேன்.

பேச்சு நின்றாலும் சவரம் நிற்கவில்லை. துரையின் முகத்தில் விழிக்க வேண்டுமே. சாயங்காலம் ஆனால் அப்பா பெட்டியில் உட்காருவார். அம்மா தீட்டுவாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு பெண் கத்தி தீட்டினால் லயத்தில் அது எப்படிக் கேட்கும்? பக்கத்து வீட்டுப் பெரியம்மா பலகைச் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி, ஒங்கப்பன் கழுத்தக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கானா?”

“ஆமா பெரியம்மா.”

“கண்ணத் தொறந்துக்கிட்டா?”

“மூடிக்கிட்டு.”

“ஐயோ, மாரியாத்தா!” என்று நெஞ்சில் கை வைத்தாள். “பேசாத பொண்டாட்டிகிட்ட கழுத்தக் குடுக்கறவன் ஒண்ணு மகானா இருக்கணும், இல்ல மடையனா இருக்கணும்.”

அன்று முதல் சவர நேரத்தில் பெரியம்மா எதையாவது கடன் கேட்கிற சாக்கில் எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவாள். சீரகம், தீக்குச்சி, ஊசி. ஒரு கொலையைத் தடுக்க அவள் அந்த மாதம் வாங்கிச் சேர்த்த சீரகத்தில் ஒரு கல்யாணத்துக்கே ரசம் வைக்கலாம். லயம் முழுக்க அவள் பேச்சைத்தான் நம்பியது. கத்தி கூராக ஆக ஆபத்து என்று எல்லாரும் நினைத்தார்கள். அதில்தான் ஊர் தப்பு செய்தது.

ஏனென்றால், நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று அத்தை ஆள் அனுப்பிய அன்று, அம்மா தீட்டுவதை நிறுத்திவிட்டாள்.

குளித்தாள், துண்டைச் சுற்றினாள், தூணில் தொங்கும் தோல்வாரைக் கையால்கூடத் தொடாமல் தாண்டிப் போய்க் கத்தியை எடுத்தாள். முதல் நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மறுநாள் நுரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, காய்ந்த இலை மேல் நடக்கிற மாதிரி. அதற்கும் மறுநாள் அப்பாவின் கால் கட்டைவிரல் தானாக மடங்கியது. கூரான கத்தி முடியை மட்டும் எடுக்கும். கூர் போன கத்தி முடியைப் பிடித்து இழுக்கும், தோலையும் கூட்டிக்கொண்டு வரும். அப்பாவின் மூடிய கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் திறக்கவில்லை. அவள் கை மட்டும் முன்னைவிடப் பதமாக, முன்னைவிட மெதுவாகப் போயிற்று. அதுதான் எனக்கு இன்றும் புரிந்தும் புரியாமலும் இருக்கிற விஷயம். கத்தியைக் கெடுத்தாள். கையைக் கெடுக்கவில்லை.

துரையே கேட்டுவிட்டாராம், வீட்டில் பூனை வளர்க்கிறாயா என்று.

பொறுக்க முடியாமல் அப்பா ஒரு நாள் அம்மா வருவதற்கு முன்னால் தானே களத்தில் இறங்கினார். ஃபேக்டரி ஃபிட்டரிடம் போய்க் கத்தி தீட்ட ஏதாவது பசை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஃபிட்டர் லோரி இஞ்சின் வால்வு தேய்க்கிற பசையை ஒரு தாளில் வழித்துக் கொடுத்துவிட்டார். கறுப்பாக, பல்லில் பட்டால் கூசுகிற நறநறப்பு. இரும்பை அராவுகிற சாமான். அப்பா அதை, பாவம், வழவழப்புப் பக்கத்தில் அள்ளிப் பூசினார். இடது கையால் கத்தியைப் பிடித்து, வாயை முன்னால் விட்டு, பால் கறக்கிற வேகத்தில் இழுத்தார். தோல்வாரின் நடுவில் ஒரு வெட்டு. கத்தியின் வாய் பழைய சீப்பு மாதிரி ஆயிற்று. அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

“நாய் கடிச்சிருச்சுன்னு சொல்லிரலாமா?” என்றார்.

தூணில் அத்தனை உயரத்தில் கடிக்க எங்கள் தோட்டத்தில் நாய் இல்லை. அதை நான் சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு, “ஒசரமான நாய்” என்றார்.

அம்மா வந்து பார்த்தாள். பசையைத் தொட்டு விரலில் நறநறத்துப் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஒரு கணம் துடித்தது. சிரிப்பாக இருந்திருக்கலாம். பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பால் அந்தக் கறுப்பை எல்லாம் சுரண்டி எடுத்து, தோலைச் சீயக்காய் போட்டுக் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் காயப்போட்டு, எண்ணெய் தடவி மறுபடி தூணில் மாட்டினாள். வழுவழுப்பான கருங்கல்லை நனைத்து அதில் கத்தியின் வாயைத் தேய்த்துச் சமன் செய்தாள். அவ்வளவும் செய்தாள். தீட்ட மட்டும் இல்லை. கல்லில் தேய்த்த கத்தி உழுத நிலம் மாதிரி. தோலில் தீட்டினால்தான் அது சவரக் கத்தி. நடுவழியில் நிறுத்திவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

நிச்சய நாள் வந்தது. ஆனியின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் ஆடி, நல்ல காரியம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. பனி முழுக்கக் கலையவில்லை. ரப்பர் மரங்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன. லயத்துக்காரர்கள் எங்கள் வாசலில் வாழைக்கன்று கட்டினார்கள். கேசரி மணத்தது. அக்காவுக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கட்டில் மேல் உட்கார வைத்திருந்தார்கள். அவள் அழவில்லை. பினாங்குக்கென்று வாங்கி வைத்திருந்த தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒரு குதிகாலால் அதைத் தட்டிக்கொண்டே இருந்தாள். டொக், டொக். வீடு முழுக்க அந்தச் சத்தம்தான்.

அத்தை வருவதற்குள் அப்பாவுக்குச் சவரம் ஆக வேண்டும். பெட்டியில் உட்கார்ந்தார். இடது கையால் தானே நுரை பூசியிருந்தார். காதிலும் கொஞ்சம். அம்மா பின்னால் நின்றாள். வலது கன்னத்தில் கத்தியை வைத்தாள். அப்பாவின் கால்விரல் மடங்கியது. காதோரத்திலிருந்து தாடை வரைக்கும், பெரிய மீனுக்குச் செதில் எடுக்கிற சத்தம். கண்ணோரத்துத் தண்ணீர் நுரையில் ஒரு கோடு போட்டு இறங்கியது. வலது கன்னம் முடிந்தபோது அது அடி வாங்கிய மாதிரி சிவந்திருந்தது. அம்மா இடது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். என்னைக் கூப்பிடவில்லை. ‘ஒங்கம்மாட்ட சொல்லு’ இல்லை. முகத்தைத் தூக்கி நேராக அம்மாவையே பார்த்தார்.

“தீட்டு” என்றார்.

ஒரே ஒரு சொல். உத்தரவு மாதிரியே இல்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி இருந்தது. அம்மா அடுப்படித் தூணுக்குப் போனாள். உள்ளங்கையால் தோலைத் தேய்த்துச் சூடாக்கினாள். சர்க்... சர்க்...

எத்தனையோ நாளைக்கு அப்புறம் அந்தச் சத்தம்! அப்பா அம்மாவிடம் பேசிவிட்டார்! தபால்காரியை நடுவில் வைக்காமல் நேரடியாக! இந்தச் சேதியை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். வாசலுக்கு ஓடினேன். வாசலில் அத்தை வந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஜெராமிலிருந்து மீன் லோரியிலேயே வந்திருந்தார்கள். ஓட்டி வந்தது மாப்பிள்ளைதான். பின்னால் தட்டுகளோடு நாலைந்து பெண்கள், பக்கத்தில் மாமா. ஆடித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்க விரதமிருந்த அத்தையின் கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது. மேலே சாமி வருகிற ஆள். அவள் சுத்தத்துக்கு ஜெராமே பயப்படும். ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் வைத்தவளிடம் நான் கத்தினேன்.

“அத்த! அப்பா சொல்லிட்டாரு!”

“என்னடி சொல்லிட்டான்?”

“தீட்டுன்னு சொல்லிட்டாரு!”

படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

“தீட்டா? யாருக்குடி?”

யாருக்குச் சொன்னார் என்றுதானே கேட்கிறாள். “அம்மாவுக்கு!”

“எப்பலேர்ந்து?”

“இப்பத்தான் அத்த! இப்பத்தான்!”

“ஒங்கம்மா எங்க?”

“பின்னால இருக்காங்க.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

அத்தை படியிலிருந்து காலை எடுத்தாள். கழற்றிய செருப்பை மாட்டினாள். காப்புக் கட்டிய கையை மறு கையால் மூடிக்கொண்டாள், காற்றில் ஏதாவது வந்து ஒட்டிவிடும் என்பது போல. தட்டு ஏந்திய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா பொம்பளை விவகாரம் என்று தெரிந்ததும் திரும்பிச் சாக்கடையை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்பா வெளியே வந்தார். ஒரு கன்னம் சிவப்பு, ஒரு கன்னம் வெள்ளை. உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

“என்ன தம்பி, தீட்டாமே? காப்பு கட்டிருக்கேன்னு தெரியும்ல? முன்னாடியே சொல்லி அனுப்பக் கூடாதா?”

‘கத்தி தீட்டச் சொன்னேன் அக்கா’ என்று ஒரே வாக்கியம். அது போதும். எல்லாரும் சிரித்திருப்பார்கள், என் காதைத் திருகியிருப்பார்கள், தட்டுகள் உள்ளே வந்திருக்கும். அப்பா வாயைத் திறந்தார். அடுப்படியில் சர்க் சர்க் நின்றது. கட்டிலடியில் டொக் டொக்கும் நின்றது. அப்பா திரும்பி ஜன்னலுக்குள் பார்த்தார். என் அக்கா முகத்தை அவர் அந்த மாதத்தில் முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். நிறைய நேரம் பார்த்தார்.

“ஆமாக்கா” என்றார். “திடீர்னு ஆயிருச்சு. நா என்னாக்கா செய்யறது?”

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறினார்கள். லோரி, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தைச் சுற்றித் திரும்பும்போது மாப்பிள்ளை தேவையே இல்லாமல் ஆரனை நீளமாக அடித்துவிட்டுப் போனார். அவருக்குப் பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன்கடைக்காரர் மகள் மேல் கண் இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. நிச்சயம் நடந்திருந்தால் அந்தத் தகரப்பெட்டியோடு சேர்த்து அந்தக் கண்ணையும் பிடுங்கியிருப்பார்கள். ஆடி பிறந்தது. அப்பாவே அக்காவின் பெட்டியை உடையாத கையில் தூக்கிக்கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டார். ஆவணியில் அத்தை மறுபடி ஆள் அனுப்பியபோது அக்கா பினாங்கில் நிஜ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை கொஞ்ச காலம் கோபமாக இருந்தாள். பிறகு முட்டியில் வலி வந்ததும், வீட்டில் ஒரு தாதி இருப்பது நல்லதுதான் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இது என் சாமர்த்தியம் என்று ஒரு பேச்சு உண்டு. சின்ன வயசிலேயே என்ன மூளை பார்த்தாயா என்பார்கள். நான் மறுப்பதில்லை. அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதே எனக்கு அப்புறம் பல வருஷம் தெரியாது. தெரிந்தபோது ரொம்பப் பயந்துபோனேன், என்னை யாரோ தீட்டப்போகிறார்கள் என்று.

கத்தி எங்கே போயிற்று, தெரியவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது தோல்வாரைத் தூணோடு விட்டுவிட்டோம். அந்தத் தூண், லயம், மரங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இப்போது வரிசையாகச் செம்பனை. ஆனால் அந்தக் காலையின் மிச்சம் இருக்கிறது. கேட்டுவிட்டுப் போங்கள்.

லோரிச் சத்தம் மறைந்தது. அப்பா உள்ளே வந்து பெட்டியில் உட்கார்ந்தார். இடது கன்னத்து நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அம்மா புது நுரை அடித்துப் பூசினாள். தீட்டிய கத்தியைத் தன் புறங்கையில் ஒருமுறை வைத்து எடுத்தாள். ஒரு பூனை மயிர் உதிர்ந்தது. அப்பாவின் தலையை வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள். கத்தி இறங்கியது. சத்தமே இல்லை. அப்பாவின் கால்விரல்கள் நேராக இருந்தன.

“ஏ குட்டி,” என்றார் கண்ணை மூடியபடி, “அத்தகிட்ட என்ன சொன்ன?”

“நீங்க சொன்னதத்தான் சொன்னேன்” என்றேன், அழத் தயாராக.

அப்பாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். உள்ளே கட்டில் மேலிருந்து அக்கா ‘களுக்’ என்றாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, “என்னாச்சு, என்னாச்சு?” என்று தட்டினாள். கத்தி அப்போது மோவாய்க்குக் கீழே, தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா கத்தியை எடுக்கவில்லை. எடுக்காமல், மற்றக் கையால் அவர் தலையை இறுக்கி அணைத்துப் பிடித்துக்கொண்டு, அந்த நண்டு வாக்கியத்துக்குப் பிறகு முதன்முதலாக அவரிடம் வாயைத் திறந்தாள்.

“சிரிக்காதீங்க” என்றாள். “கழுத்துல இருக்கேன்.”